கூட்டுரோட்டில் தொண்ணூற்றேழு

தொழிற்சாலைப் பேருந்திலிருந்து கூட்டுரோட்டில் இறங்கிய ஜோஸ்பினுக்குத் தன் முகத்தையே அண்ணாந்து பார்க்க நேர்ந்தது. உரக்கடையின் பெயர்ப்பலகையை முற்றிலும் மறைத்துக்கொண்டு, இரண்டு சவுக்குக் கழிகளுக்கிடையே, வீட்டுக் கதவைக் காட்டிலும் பெரியதொரு ஃபிளெக்ஸ் பேனர் நின்றது. கல்லூரி அடையாள அட்டையிலிருந்த அவளது தலையை வெட்டியெடுத்து, யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் கறுப்புக் கோட்டின்மேல் ஒட்டியிருந்தார்கள். அத்தலைமேல் பட்டமளிப்பு விழாத் தொப்பி ஒன்று. ‘ஐ.ஐ.எம். தேர்வில் 97 மதிப்பெண் பெற்று எங்கள் பகுதிக்குப் பெருமை சேர்த்த சாதனைத் தங்கமே, வாழ்க’ என்று அதன்கீழ் எழுதியிருந்தது. அடிப்பகுதியில் காலனி இளைஞர்கள் அஞ்சல் தலை அளவில் வரிசையாகக் கைகூப்பிக்கொண்டிருந்தனர். முதலாவதாக, கறுப்புக் கண்ணாடியணிந்து கைப்பேசியைக் காதில் வைத்திருந்தவன் அவளுடைய அண்ணன் மணிவண்ணன்.

அத்தேர்வை அவள் இன்னும் எழுதவேயில்லை.

நாட்டின் பெரிய மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வு நவம்பர்க் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று நடைபெறவிருந்தது. அதற்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. பேனரில் நின்ற தொண்ணூற்றேழு, இணையத்தில் அவள் பழகிப் பார்த்த ஒரு மாதிரித் தேர்வின் தரநிலை. எழுதியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரை அவள் பின்தள்ளினாள் என்பதே அதன் பொருள். மதிப்பெண்ணோ பாதிக்கும் குறைவு. அன்று மனம் பொங்கியிருந்ததால் கைப்பேசித் திரையை அண்ணனிடம் காட்டினாள். அவள் செய்த தவறு அவ்வளவே.

கூட்டுரோட்டிலிருந்து காலனிவரை அவள் ஓட்டமும் நடையுமாகச் சென்றாள். வாசலில் அவளுடைய தாய் அமிர்தம், மணப்பட்டுக் கடற்கரையிலிருந்து வந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே மணிவண்ணன் கட்டிலில் படுத்துக் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான்.

“யாரக் கேட்டு வெச்ச அத்த?”

“இன்னாத்த?”

“கூட்டுரோட்டுல நிக்குதே, கோட்டு போட்டுகினு ஒரு பொணம், அத்த.”

மணிவண்ணன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். “சூப்பரா கீதுல்ல? டிசைன் நம்ம விஜயராஜ். கோட்டு ப்ளூவா கறுப்பான்னே ரொம்ப நேரம் யோசிச்சோம். கறுப்புதான் ஆபீசர் லுக்கு.”

“நான் இன்னும் பரிச்சையே எழுதலண்ணா!”

“தொண்ணூத்தேழுன்னு நீதான காட்டுன?”

“அது மாக் டெஸ்ட். சும்மா பழகிப் பாக்கறது.”

“கொஸ்டின் சுலுவா?”

“இல்ல. நெசப் பரிச்ச மாதிரியேதான்.”

“அப்புறம் இன்னா? அதே கையி, அதே மண்ட. போயி அதே மார்க்க வாங்கினு வா.”

“மார்க்கே இல்ல அது!” என்று அவள் கத்தினாள். செவிள்களைக் கிள்ளிக்கொண்டிருந்த அமிர்தத்தின் கை நின்றது.

“வந்ததும் வராததுமா இன்னாத்துக்குடி இந்தக் கத்து கத்தற? பக்கத்து வூட்டு சின்னப்பிள்ள அக்கா வந்து என்னக் கட்டிப் புடிச்சி அழுதுட்டுப் போவுது. வில்லியனூரு மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தப் போறேன்னு சொல்லுது. உனக்கு மட்டும் இன்னா கேடு?”

“நாளைக்கே அத்த எறக்கணும், அவ்ளோதான்.”

மணிவண்ணனின் சிரிப்பு மறைந்தது. “எறக்க முடியாது. அந்த எடத்துல இதுவரிக்கும் யாரு மூஞ்சி நின்னிருக்கு, சொல்லு. ஊர்த்தெருக்காரங்க வூட்டு மஞ்சத்தண்ணி, காது குத்தல், கண்ணாலம், அவுங்க பெரியப்பாவுக்குப் பொறந்த நாளு. நம்ம ஆளு ஒருத்தன்? போன வருசம் கபடி டீமுக்கு ஒண்ணு வெச்சோம். விடியறதுக்குள்ள கெழிஞ்சி கெடந்துச்சி. எவன் கெழிச்சான்னு போலீசு கேக்கவேல்ல. இப்ப நானே கயட்டினா, பயந்து கயட்டுனான்னு ஆவும். நிக்கட்டும். பாத்துகினு போவட்டும்.”

அவன் கூறியதில் பொய் ஒரு சொல்லும் இல்லை என்பதை ஜோஸ்பின் அறிவாள். அவளுக்கு மூண்ட சினம் அதனாலேயே இருமடங்காயிற்று. நியாயம் அவன் பக்கம் இருந்தது. முகமோ அவளுடையது.

சென்ற ஆண்டும் அவள் அத்தேர்வை எழுதித் தோற்றிருந்தாள். பள்ளியில் எல்லா வினாக்களுக்கும் விடையெழுதியே முதலிடம் பெற்றவள் ஆதலின், அங்கும் ஒன்றையும் விடாமல் எழுத முயன்றாள். பிழையான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிக்கும் தேர்வு அது. நேரமும் போதாமல், கழிவும் ஏறி, எந்தக் கல்லூரியும் ஏறிட்டுப் பாராத நிலையில் வந்து நின்றாள். அவளுடைய கல்லூரித் தோழி கல்பனாவும் அவ்வாறே தோற்றாள். கல்பனா ஊர்த்தெருவைச் சேர்ந்தவள். கூட்டுரோட்டு உரக்கடைக்காரன் குமரவேலின் தங்கை. அவளுக்கு இவ்வாண்டே கடைசி வாய்ப்பு. மீண்டும் ஒருமுறை எழுதுவதற்கு அவள் வீட்டில் எவரும் இசையமாட்டார்கள்.

அதன்பின் இருவரும் கொம்யூன் பஞ்சாயத்து நூலகத்தின் மாடியில் சனி, ஞாயிறுகளில் கூடிப் படித்தனர். ஒரு மாதிரித் தேர்வை எழுதுவார்கள். அடுத்த வாரம் முழுவதும் புதிய தேர்வைத் தொடமாட்டார்கள். எழுதியதையே வினா வினாவாகப் பிரித்துப் பார்ப்பார்கள். விடை சரியா, பிழையா என்பதை இறுதியில்தான் பார்ப்பது. முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: இதைத் தொட்டிருக்க வேண்டுமா, விட்டிருக்க வேண்டுமா? சரியான விடையே ஆயினும், அது இரண்டு எளிய வினாக்களின் நேரத்தை விழுங்கியிருந்தால் அதுவும் பிழையே என்று வைத்துக்கொண்டார்கள். தொடத்தகாததைத் தொட்டவள் மற்றவளுக்குப் போண்டா வாங்கித் தரவேண்டும்.

“இத்த ஏன்டி தொட்ட? பாத்தாலே தெரியல, வாயப் பொளந்துகினு கெடக்குது?” என்பாள் கல்பனா.

“ஈசியா இருக்கும்னு நெனச்சேன்.”

“உன் ரோசத்துக்கு ஒரு போண்டா. ஓடு.”

மாதங்கள் செல்லச் செல்ல ஜோஸ்பினுக்கு அது கைவந்தது. ஒரு வினாவைக் கண்டதும் அதன் கடுமையை மதிப்பிட்டு, மனத்தில் சிறு உறுத்தலுமின்றிக் கடந்து செல்லக் கற்றாள். அந்தத் தொண்ணூற்றேழு, அவள் விட்டுவிட்ட வினாக்களால் கிடைத்தது.

பேனர் நின்ற நாள்முதல் அப்பழக்கம் குலையத் தொடங்கியது.

வீட்டுக்குச் சால்வையுடன் ஆட்கள் வந்தனர். அடுத்த தேர்தலுக்கு இப்போதே வேட்டியை வெளுத்து வைத்திருந்த ஒருவர், புகைப்படக்காரரையும் உடன் அழைத்துவந்து, அவளை மூன்று முறை சால்வை வாங்கச் செய்தார். முதலிரண்டில் அவர் கண்களை மூடிவிட்டாராம். சின்னப்பிள்ளை தன் மகனுக்கு அவள் ‘சேரப்போகும் ஆபீசில்’ ஒரு வேலை கேட்டாள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், “ஐ.ஐ.எம். மேடம், குடோன் பக்கம் எல்லாம் நீங்க வரலாமா?” என்று எல்லோர்முன்பும் வினவினார். விளக்கம் சொல்லிச் சொல்லி அவள் நா வறண்டது. இன்னும் எழுதவில்லை என்று அவள் கூறுந்தோறும் அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் புகழ்ந்தனர்.

அடுத்த மாதிரித் தேர்வில் அவள் தரநிலை எண்பத்தொன்றுக்கு இறங்கியது. நூலக மாடியில் கல்பனா அவளுடைய விடைகளைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

“இந்த ஒரு புதிர் செட்டுலயே ஒக்காந்துட்டு இருந்திருக்க. இது ஆவாதுன்னு மொத வரியிலயே தெரியுது. இன்னாடி ஆச்சி உனக்கு?”

“வுட முடியல. வுட்டா தொண்ணூத்தேழு போயிடும்னு தோணுது.”

“தொண்ணூத்தேழு உன் மார்க்கே இல்லடி. அது அந்தக் கோட்டுக்காரியோடது.”

இருவரும் சிரித்தனர். சிரிப்பு அடங்கியபின் கல்பனா, “அத்த எடுக்கச் சொல்லுடி. எங்கண்ணனும் கடை போர்டு மறையுதுன்னு கத்திகினு கீது,” என்றாள்.

குமரவேல் வெறுமனே கத்தவில்லை. அன்று மாலை மணிவண்ணனைக் கடைவாசலிலேயே மறித்து, “உங்களுக்கு வெக்க வேற எடமே கெடைக்கலையா? ரெண்டு நாள்ல எடுக்கல, நானே எடுத்துடுவேன்,” என்று பலரும் கேட்கச் சொன்னான். “தொட்டுப் பாரு,” என்றான் மணிவண்ணன். இரண்டு நாள் கழிந்தும் பேனர் நின்றது. குமரவேல் அதைத் தொடவில்லை. அவன் நாவுக்கு இருந்த துணிவு கைக்கு இல்லை.

ஜோஸ்பின் மீண்டும் இருமுறை அண்ணனிடம் கெஞ்சினாள். இரண்டாம் முறை அவன், “படிக்கிற புள்ளைக்கு பேனரு இன்னா பண்ணுது? நீ ரோட்டப் பாத்து நட,” என்று முடித்துவிட்டான்.

தேர்வுக்கு முந்திய சனிக்கிழமை, பொழுது புலரும் வேளையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கீரை அறுக்கும் அரிவாளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அவள் கூட்டுரோட்டுக்குச் சென்றாள். கயிறுகளை மட்டும் அறுத்து, சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவதே அவளுடைய எண்ணம். கயிறு அறுந்ததும் நனைந்த பேனர் முழுப் பாரத்துடன் அவள்மீது சரிந்தது. அதனடியிலிருந்து திமிறி வெளிவந்தவள், தரையில் கிடந்து தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகத்தைக் கண்டாள். மூன்று வாரச் சினமும் கைக்கு வந்தது. தொப்பி முதல் மோவாய்வரை கிழித்தாள். கோட்டைக் கிழித்தாள். 97 என்ற எண்ணைக் குறுக்கே கிழித்தாள். தொப்பித் துண்டை வாய்க்காலில் எறிந்துவிட்டு, எஞ்சியதை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். மூச்சு எளிதாக வந்தது. நூலகம் திறந்ததும் மாடிக்குச் சென்று பழைய வினாத்தாள் ஒன்றை விரித்தாள். விடவேண்டியவை எவையெவை என்பது முன்போலப் பளிச்சென்று தெரிந்தது.

கல்பனா வந்து சிறிது நேரம் ஆனபின் அவளுடைய கைப்பேசி ஒலித்தது. பேசி முடித்ததும் ஜோஸ்பினின் பக்கம் திரும்பினாள்.

“எங்கண்ணன ஜீப்புல ஏத்தினு போயிட்டாங்களாம். உன் பேனர கெழிச்சிட்டாருன்னு உங்க ஆளுங்க ரோட்டுல ஒக்காந்துட்டாங்க. பஸ்ஸெல்லாம் நிக்குதாம். அவரு வூட்டவிட்டு வெளியவே வரலடி, நேத்துலேருந்து ஜொரம்!”

ஜோஸ்பின் பேனாவைக் கீழே வைத்தாள். “நான்தான் கெழிச்சேன்.”

“இன்னா?”

“காலைல. நான்தான்.”

கல்பனா அவளுடைய மணிக்கட்டை இறுகப் பற்றினாள். “எழுந்திரு. வந்து அத்த அங்க சொல்லு.”

கூட்டுரோட்டில் நூறு பேருக்குமேல் சாலையில் அமர்ந்திருந்தனர். இருபுறமும் பேருந்துகளும் கரும்பு வண்டிகளும் நின்றன. எதிர்ப்பக்கம் ஊர்த்தெரு ஆட்கள் கைகளைக் கட்டிக்கொண்டு கும்பலாக நின்றனர். மணிவண்ணன் கிழிந்த முகத்தின் பாதியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முழக்கமிட்டான். அவனுடைய குரல் கம்மியிருந்தது. ஜோஸ்பின் கூட்டத்தின் நடுவே சென்று உதவி ஆய்வாளரின் முன் நின்றாள்.

“சார், குமரவேலு கெழிக்கல. நான்தான் கெழிச்சேன்.”

முழக்கம் நின்றது. “ஏம்மா, வெளையாடறியா?” என்றார் அவர்.

“பொய் சொல்லுது சார்,” என்று மணிவண்ணன் முன்னே வந்தான். “அந்தாளோட தங்கச்சி இவ ஃப்ரெண்டு. காப்பாத்தப் பாக்குது. ஜோஸ்பின், நீ வூட்டுக்குப் போ.”

“தொப்பிய வாய்க்கால்ல போட்டேன். மதகுகிட்ட கெடக்கும். போயி எடுத்துகினு வாங்க.”

விஜயராஜ் எழுந்து சென்றான். சேறு வழியும் தொப்பித் துண்டுடன் அவன் திரும்பினான். ஊர்த்தெருக் கும்பலில் ஒருவன் சீட்டியடித்தான். வேறொருவன், “இவுங்களே கெழிச்சிப்பாங்க, இவுங்களே ரோட்டுல குந்திப்பாங்க,” என்றான். சிரிப்பு எழுந்தது.

“சொந்த மூஞ்சிய எவளாவது அறுப்பாளாடி? பேயி புடிச்சவளே!” என்று சின்னப்பிள்ளை தலையிலடித்துக்கொண்டாள்.

மணிவண்ணன் தங்கையின் அருகில் வந்தான். கை ஓங்குவான் என்று எல்லோரும் எண்ணினர். அவன் தணிந்த குரலில் பேசினான்.

“விடிஞ்சதுலேருந்து சோறு தண்ணி இல்லாம ஒக்காந்துகினு கீறோம். உனக்காவ.”

“எனக்காவ இல்ல. என் பேரச் சொல்லி. எனக்கு இன்னா வேணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?”

“சரி, கேக்கல. தப்புதான். நாளைக்கு அவுங்க நெசமாவே கெழிப்பாங்க. அப்ப நாம போயி சொன்னா எவன் நம்புவான், சொல்லு. அதுக்கும் சேத்துதான் அறுத்துட்ட நீ.”

மக்கள் ஒவ்வொருவராக ஆடையைத் தட்டிக்கொண்டு எழுந்தனர். பேருந்துகள் ஒலியெழுப்பின. குமரவேலை, அவன் முன்பு மிரட்டியதைக் காரணம் காட்டி, சாயங்காலம்வரை காவல்நிலையப் பெஞ்சில் இருத்தி வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவன் செய்யாத ஒன்றை இனியும் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் தேர்வு மையத்துக்கு அவளை வண்டியில் அழைத்துச் செல்வதாக மணிவண்ணன் ஒரு மாதமாகச் சொல்லிவந்தான். காலையில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். உறங்கவில்லை என்பது அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அமிர்தம் முகம் பாராமல் இட்டிலியை வைத்தாள். ஜோஸ்பின் குடையை எடுத்துக்கொண்டு தனியே பேருந்தேறினாள்.

நகரத்துக்கு வெளியேயிருந்த ஒரு பொறியியற் கல்லூரியே தேர்வு மையம். கணினித் திரையின் முன் அமர்ந்தபோது அவளுக்கு அண்ணன்மீதும், சீட்டியடித்தவன்மீதும், தன்மீதும் சினம் கனன்றுகொண்டிருந்தது. ஆயினும் முதல் பத்தியைப் படித்தவுடன் அச்சினம் ஒருபுறம் ஒதுங்கி நின்றுகொண்டது. திரையில் தொப்பி இல்லை, கோட்டுக்காரியும் இல்லை. இரண்டாம் பகுதியில் நான்கு கிடங்குகளுக்கும் ஏழு லாரிகளுக்கும் இடையே சரக்கு மாற்றும் புதிர் ஒன்று வந்தது. தினந்தோறும் கிடங்கிலேயே பணிபுரிபவள் அவள். அது அவளுக்காகவே எழுதப்பட்டதுபோல் தோன்றியது. நிபந்தனைகளை ஒருமுறை படித்தாள். கடைசி இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நின்றன; அவிழ்க்க நேரம் போதாது. அவள் அதை விட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றாள். எழுத வந்தவற்றை மட்டும் எழுதினாள். ஏறத்தாழப் பாதியைத் தொடவேயில்லை. நேரம் முடிந்து திரை அணைந்தது. நன்றாக எழுதியிருப்பதை அவள் உணர்ந்தாள்.

வாயிலுக்கு வெளியே, மழை நின்ற சாலையோரம், கல்பனா நின்றிருந்தாள். முந்திய நாளுக்குப்பின் இருவரும் பேசவில்லை. கல்பனாவின் கண்கள் சிவந்திருந்தன.

“குடோன் செட்ட தொட்டியா?” என்று கல்பனா வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“இல்ல. பாத்துட்டு வுட்டுட்டேன்.”

“நான் வுடல.”

ஜோஸ்பின் அவளை நெருங்கினாள். கல்பனா ஓரடி விலகினாள்.

“ராத்திரி பூரா எங்க வூட்டுல ஏச்சு. அந்தத் தெருப் பொண்ணோட உனக்கு இன்னா படிப்பு, அதாலதான் நான் ஸ்டேஷன்ல குந்தினேன்னு எங்கண்ணன் கத்திகினே இருந்திச்சி. பரிச்சைக்கு வுடறதே பெருசா போச்சி. அந்த செட்டு வந்துச்சா, ஆவாதுன்னு தெரியும். தெரிஞ்சும் எனக்கு வந்த ஆத்திரத்துல, இத்த முடிச்சிக் காட்டுறன்டான்னு ஒக்காந்துட்டேன். அந்த செக்‌ஷனே போச்சி. மீதி ஒண்ணத்தையும் ஒழுங்கா படிக்கக்கூட இல்ல.”

“கல்பனா, நான்…”

“நீ நல்லா எழுதினியா?”

இல்லையென்று கூறிவிட ஜோஸ்பின் வாயெடுத்தாள். கல்பனா முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். அப்பார்வைக்குமுன் பொய் வரவில்லை.

“நல்லா எழுதினேன்.”

“எழுதியிருப்ப,” என்றாள் கல்பனா. “உனக்குத்தான் ஆத்திரமெல்லாம் நேத்தே தீந்துபோச்சே.”

பாகூர்ப் பேருந்து வந்து நின்றது. கல்பனா முன்வாசலில் ஏறினாள். ஜோஸ்பின் பின்வாசலில் ஏறினாள். நடத்துநர் முன்னாலும் பின்னாலும் வந்து கேட்டபோது, இருவரும் தனித்தனியே அதே கூட்டுரோட்டின் பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்கினார்கள்.